செவ்வாய், வியாழன், சனி

2025 செப்டம்பர் 2, செவ்வாய்
டயாலிசிஸ் முடிந்து வரும் வழியில் கோரிப்பாளையத்தில் மேம்பால வேலை. ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் அப்பா இடது கையை மார்போடு அணைத்துக்கொண்டார். வீடு வரும்வரை கண் திறக்கவில்லை. கார் வாங்குவதை இனி தள்ளிப்போட முடியாது.

செப்டம்பர் 4, வியாழன்
சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாம். 22ஆம் தேதி முதல்தான் அமல். அதற்குள் இன்னும் ஏழு முறை ஆட்டோ.

செப்டம்பர் 7, ஞாயிறு
ஆல்ட்டோ கே10 ஓட்டிப் பார்த்தேன். மூன்றரை மீட்டர் நீளம்தான், எங்கள் சந்துக்கென்றே செய்தது போல் இருக்கிறது. காசும் கைக்குள் அடங்குகிறது. ஆனால் சீட் தாழ்வு. ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டிலும் உட்கார்ந்து பார்த்தேன். இறங்கும்போது நானே கதவோரத்தைப் பிடித்துத்தான் எழுந்தேன், இடது கையால். முன்சீட்டில் அப்பாவுக்கும் கதவு இடப்பக்கம்தானே வரும்? டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்துப் போட்ட ஃபிஸ்டுலா அந்தக் கையில். பிரஷர்கூட அதில் பார்க்கக்கூடாது.

செப்டம்பர் 9, செவ்வாய்
தூங்குகிறார்.

செப்டம்பர் 10, புதன்
வேகன் ஆர் பார்க்க அப்பாவையும் கூட்டிப்போனேன். ஆல்ட்டோவைவிட அரையடி உயரம். குனியாமல், வீட்டு நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்தார். இறங்கும்போது இரண்டு காலையும் வெளியே போட்டு, வலது கையை சீட்டில் ஊன்றி எழுந்துவிட்டார். இடது கை மடியிலேயே இருந்தது. "நமக்கெதுக்கு தாயி இவ்வளவு பெருசு" என்றார். இரண்டிலும் கிடைப்பது அதே 998 சிசி என்ஜின், மைலேஜ் கணக்கும் 24 சொச்சம். பெட்ரோலை வைத்து முடிவெடுக்க முடியாது.

செப்டம்பர் 12, வெள்ளி
தூக்கம் போனது. 2023 குளோபல் என்கேப் மோதல் சோதனையில், பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்தில் ஆல்ட்டோவுக்கு 2 நட்சத்திரம், வேகன் ஆருக்கு 1. மோதும்போது ஆல்ட்டோவின் உடற்கூடு தாங்குகிறது, வேகன் ஆருடையது தாங்கவில்லை. குழந்தைகளுக்கு இரண்டிலும் பூஜ்ஜியம். பாப்பா பின்சீட்டில்தான் வருவாள். அன்று சோதித்த வண்டிகளில் ஏர்பேக் 2, இப்போது 6. ஏர்பேக் கூடினால் கூடு கெட்டியாகிவிடுமா? அப்பா ஏறி இறங்குவது நிச்சயம், வாரம் மூன்று நாள். மோதல் நடக்காமலே போகலாம். இப்படிக் கணக்குப் போடவே பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்
கை வீங்கியிருக்கிறது. ஐஸ் வைத்தோம். கார் பேச்சே இல்லை.

செப்டம்பர் 22, திங்கள்
வேகன் ஆர் புக் செய்துவிட்டேன். பாப்பாவுக்குத் தனியாகக் குழந்தை சீட் வாங்க வேண்டும். ஓட்டும்போது வேகம் நாற்பதைத் தாண்டமாட்டேன். ஆயுத பூஜைக்குள் வண்டி வருமா என்றதற்கு, "பார்க்கலாம் மேடம்" என்றார்கள்.

செப்டம்பர் 25, வியாழன்
ஆட்டோதான். அந்தக் கார் சீட்டு எவ்வளவு உசரம் என்று அப்பா கேட்டார். கையால் அளந்து காட்டினேன்.