பூவுக்கு அடித்த கோடு

குடும்ப நல வழக்குகளில் ஆஜராகத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஜீவனாம்சத்தை உயர்த்தக் கேட்டு வரும் பெண்கள், ஏதோ தப்புச் செய்தவர்களைப்போல் நாற்காலி நுனியில்தான் உட்காருகிறார்கள். விவாகரத்தே முடிந்துவிட்டது, இன்னமும் அந்த மனிதரிடம் போய் நிற்பதா என்ற கூச்சம்.

2022இல் ஓர் அக்கா வந்தார். 2013இல் மாதம் 4,000 ரூபாய் என்று உத்தரவாகியிருந்தது. வாடகையும் அரிசியும் எங்கோ போய்விட்டன. அந்த நாலாயிரம் மட்டும் அசையவில்லை. செலவுக் கணக்கை எழுதி வரச் சொன்னேன். பள்ளிக்கூட நோட்டில் கோடு போட்டு எழுதியிருந்தார். பால், சிலிண்டர், தைராய்டு மாத்திரை, பஸ் டிக்கெட். கடைசி வரியில் ‘பூ’ என்று எழுதி, தாள் கிழியும் அளவுக்கு அடித்திருந்தார்.

“இதையெல்லாம் கேட்டால் ஜட்ஜ் ஐயா என்ன நினைப்பார், மேடம்?”

“எழுதுங்கள் அக்கா. அதுவும் உங்கள் செலவுதான்” என்றேன்.

தன்னைப் பராமரித்துக்கொள்ள வழியில்லாமல், மறுமணமும் செய்துகொள்ளாமல் இருக்கும் விவாகரத்தான பெண்ணையும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு மனைவி என்றே கொண்டது. சூழ்நிலை மாறினால் தொகையை மாற்ற 127ஆம் பிரிவு இருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் அவை 144, 146 ஆகிவிட்டன. இது சட்டம் தந்த உரிமை. யாரும் போடும் பிச்சை இல்லை. இதை மனுதாரர் மனத்தில் பதிய வைப்பதற்குத்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது.

முன்பெல்லாம் கணவரின் சம்பளத்தை நிரூபிக்க நாங்கள் அலைய வேண்டும். 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், இரு தரப்பும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது பெரிய உதவி. அக்காவின் வழக்கில் எதிர்மனுதாரரின் சம்பளம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது அப்படித்தான் வெளியே வந்தது.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: “ஒன்பது வருடம் சமாளித்தீர்களே, இப்போது மட்டும் என்ன?”

“வளையல் இரண்டையும் விற்றேன். மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டேன்” என்றார் அக்கா. மாத்திரை விஷயம் எனக்கே அன்றுதான் தெரியும். கணக்கில் முழு மாதத்துக்கும் எழுதியிருந்தாரே என்று நோட்டைப் புரட்டினேன். எழுதச் சொன்னதால் எழுதியிருக்கிறார், வாங்கியதில்லை.

மனுத் தேதியிலிருந்து மாதம் 9,000 ரூபாய் என்று உத்தரவானது. நான் கேட்டது 12,000.

இப்போது யார் கணக்கு கொண்டுவந்தாலும் கூட்டுத்தொகைக்கு முன் அடித்த வரிகளைத்தான் படிக்கிறேன். பெரும்பாலும் மருந்தும் பல் வைத்தியமும் அங்கேதான் இருக்கின்றன.