திருவிருந்து நேரத்துக்கு ஒரு பாக்

திருவிருந்தில் சபையார் வரிசையாகப் போய்த் திரும்பும்வரை கீபோர்டு ஓயக் கூடாது. வேலூர்ப் பக்கத்துச் சபைகளில் கீபோர்டு வாசிப்பவர்கள், பாமாலை ராகத்தையே சுற்றிச் சுற்றி வாசிக்காமல், ஜெர்மன் இசையமைப்பாளர் யோகான் செபாஸ்டியன் பாக்கின் பி.டபிள்யூ.வி. 639-ஐப் (பாக் படைப்புகளின் பட்டியல் எண்) பழகிக்கொள்ளலாம். ‘ஆண்டவர் இயேசுவே, உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்’ என்னும் லுத்தரன் ஞானப்பாட்டின் மேல் எழுந்த இசை. ஆம்பூர் லுத்தரன் சபையாருக்கு இந்த மரபு சொந்த வீடு மாதிரி.

‘ஆர்கன் சிறுநூல்’ தொகுப்பில் 164 பாடல்களுக்குத் திட்டமிட்ட பாக், 46-ஐத்தான் முடித்தார். அவற்றுள் மூன்றே குரலில் (ஒரே நேரத்தில் ஓடும் மூன்று சுர வரிகளில்) அமைந்தது இது ஒன்றுதான். வலக்கையில் ராகம், இடக்கையில் நடுக்குரலாக ஓயாத செமிக்வேவர்கள் (கால் மாத்திரைச் சுரங்கள்), காலில் க்வேவர் (அரை மாத்திரை) பாஸ், அதாவது கீழ்க்குரல்.

நம் 61 கட்டை கீபோர்டில் கால் பெடல் கிடையாது. மூன்றையும் இரண்டு கையில் திணித்தால் முதலில் உடைவது நடுக்குரல். இன்னொரு கீபோர்டும் ஆளும் இருந்தால் பாஸை அவரிடம் கொடுத்து, ஆக்டேவ் பட்டனை ஒரு படி இறக்கிவிடுங்கள். பெடல் ஆர்கனின் 16 அடிக் குழாய் தரும் ஆழம் ஓரளவு வந்துவிடும்.

முதலில் ராகமும் பாஸும் மட்டும், அலங்காரச் சுரங்கள் இல்லாமல். பிறகு ராகமும் நடுக்குரலும். க்ராட்செட்டுக்கு (ஒரு மாத்திரைச் சுரம்) மெட்ரோனோம் நிமிடத்துக்கு 36 முதல் 42 வரை போதும். வேகம் கூடினால் மன்றாட்டு பயிற்சிப் பாடமாகிவிடும். ஆர்கன் டோனில் அழுத்தி வாசித்தாலும் சத்தம் அதிகமாகாது. இசையின் எடை, சுரங்களுக்கு நடுவே விடும் இடைவெளியில் இருக்கிறது. அதனால் பாஸில் ஒரே சுரம் திரும்பி வரும்போதெல்லாம் விரலை ஒரு நூல் அளவு தூக்குங்கள். நேர்மாறாக, ராகம் அறுபடக் கூடாது; கட்டையை விடாமலே விரலை மாற்றிப் பிடிக்கப் பழகுங்கள். சஸ்டெயின் பெடலைத் தொடவே வேண்டாம், செமிக்வேவர் எல்லாம் குழைந்து கூழாகும். ஒலியை நடுங்க வைக்கும் ரோட்டரி, ட்ரெமோலோ இரண்டும் அணைந்திருக்கட்டும்.

இந்த இசை எஃப் மைனரில்; அதில் நாலு ஃப்ளாட் (அரைச்சுரம் இறக்கிய சுரங்கள்). ஒரே ஃப்ளாட் உள்ள டி மைனரில் வாசித்து, சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனில் மூன்று ஏற்றிக்கொள்ளத் தோன்றும். வேண்டாம். கைக்கு எஃப் மைனரே பழகட்டும். தவிர, கரண்ட் போய் வந்தால் பல கீபோர்டுகளில் டிரான்ஸ்போஸ் பூஜ்யத்துக்கும் டோன் பியானோவுக்கும் திரும்பிவிடும். அடாப்டரை இன்வெர்டர் பிளக்கில் செருகுங்கள்; ஆர்கன் டோனையும் மெமரியில் பதிந்து வையுங்கள்.