இடப்பக்கத்து முனகல்

மணவாளக்குறிச்சியிலிருந்து நாகர்கோவிலுக்கு நான் நாள்தோறும் சென்று வருவது, இருபுறமும் இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரில். நடுச்சக்கரத்தையும் சேர்த்தால் நான்கு சக்கரம் என்றாலும், ஊரில் இதை மூன்று சக்கர வண்டி என்றே சொல்வார்கள். போலியோவால் இரு கால்களும் பாதிக்கப்பட்ட எனக்கு, வழியில் நின்றுபோன வண்டியைத் தள்ளிச் செல்ல இயலாது. ஆகவே அதில் புதிதாக எழும் எந்த ஓசையையும் நான் விட்டுவைப்பதில்லை.

ஆனி மாத மழையில் பின்புறத்திலிருந்து ஒரு முனகல் கேட்கத் தொடங்கியது. பட்டறையில் ஓட்டிப் பார்த்த தம்பி, "பெல்ட்டு போயாச்சு அண்ணே, மாத்திருவோம்" என்றார். மாற்றினோம். திரும்பும் வழியில் அம்மாண்டிவிளை வருவதற்குள் அதே முனகல் மீண்டும் கேட்டது.

ஓசை எங்கிருந்து வருகிறது என்று தேடுவதற்கு முன், அது எதனோடு சேர்ந்து மாறுகிறது என்று பார்த்திருக்க வேண்டும். வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது வேரியேட்டர் என்னும் முன் புல்லியும், எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் கொண்டு செல்லும் பெல்ட்டும், பின் புல்லியும் மட்டுமே சுழல்கின்றன. கிளட்ச் இன்னும் பிடிக்காததால் அதன் வெளிக்கிண்ணமும் கியர்களும் சக்கரமும் அசைவதில்லை. அந்த நிலையிலேயே கடகடவென்று கேட்டால், தேய்ந்து தட்டையான வேரியேட்டர் ரோலர்களை முதலில் சந்தேகிக்கலாம். ஆக்சிலேட்டரை முறுக்கும்போது எழும் கீச்சொலி பெரும்பாலும் பெல்ட் வழுக்குவதால் வருவது. ஈரமோ, கசியும் எண்ணெயோ, பக்கங்கள் தேய்ந்து பளபளப்பாகிவிட்டதோ காரணமாக இருக்கலாம். கீச்சொலியை அடக்குவதற்காகப் பெல்ட்டில் எண்ணெய் தெளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், வழுக்கல்தான் கூடும். புறப்படும் நொடியில் மட்டும் வண்டி நடுங்கி உறுமினால் கிளட்ச் கட்டைகளைப் பார்க்க வேண்டும்.

என் வண்டியின் முனகலோ எஞ்சின் வேகத்தைப் பொருட்படுத்தவே இல்லை. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும், சக்கரம் உருளும் வேகத்துக்கு ஏற்பவே அது கூடியும் குறைந்தும் ஒலித்தது. எஞ்சினை அணைத்துவிட்டு, சமதளமான எங்கள் தெருவில் என் மகனைத் தள்ளச் சொன்னேன். மெலிதாக, ஆனால் ஐயமின்றி அதே ஓசை கேட்டது. அப்போதே பெல்ட் குற்றமற்றது என்பது தெளிவாகிவிட்டது.

இனி எந்தச் சக்கரம் என்பதே கேள்வி. இரண்டு சக்கர வண்டியைப் போல இது வளைவில் சாய்வதில்லை. எடை வெளிப்பக்கச் சக்கரத்தின் மீது ஏறுகிறது. வலப்பக்கம் திரும்பும்போது முனகல் வலுத்து, இடப்பக்கம் திரும்பும்போது அடங்கியதால், இடது இணைப்புச் சக்கரத்தைச் சந்தேகித்தேன். ஜாக்கி வைத்து அதைத் தூக்கி, ஒரு கையால் சுற்றி, மறுகையைச் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையின் மீது வைத்தபோது, மணல் அரைபடுவது போன்ற நெருடல் விரல்களுக்குத் தெரிந்தது. வலது சக்கரம் வழுவழுப்பாகச் சுழன்றது.

கழற்றியபோது பேரிங்கின் ரப்பர் மூடிக்குப் பின்னால் கிரீஸ் துருக்குழம்பாகியிருந்தது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கும் மாவட்டம் இது. போதாததற்குக் கடற்கரையின் உப்புக்காற்று. அதற்கும் மேலாக, வாட்டர் சர்வீஸில் அழுத்தம் மிகுந்த நீரைச் சக்கரத்தின் நடுவில் நேராகப் பாய்ச்சும் வழக்கமே நீரை உள்ளே தள்ளியிருக்கும் என்று நினைக்கிறேன். இப்போது அந்த இடத்தை ஈரத்துணியால் மட்டுமே துடைக்கச் சொல்கிறேன். மாதம் ஒருமுறை இரு சக்கரங்களையும் தூக்கிச் சுற்றிப் பார்க்கிறேன்.

புதிய பேரிங் போட்டதும் கொளச்சல் வரை ஓட்டிப் பார்த்தேன், முனகல் இல்லை. கழற்றிப் போட்ட பழைய பெல்ட்டில் வெடிப்போ நார்ப்பிரிவோ இல்லாததால் அதை வாங்கி வந்து இருக்கையின் அடியில் வைத்திருக்கிறேன். புதியது என்றேனும் வழியில் அறுந்தால், அருகிலுள்ள பட்டறையில் அதைப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேரலாம்.