138 பவுண்டுக்கு ஒரு சண்டை

கோலாலம்பூரிலிருந்து வந்த ஒப்பந்தத்தில் எடை என்ற இடத்தில் 138 பவுண்டு என்று போட்டிருந்தது. தொழில்முறைக் குத்துச்சண்டையில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. 135 உண்டு, அது லைட்வெயிட். 140 உண்டு, அது சூப்பர் லைட்வெயிட். குத்துச்சண்டை ஆடும் அக்கா மகன் போனை நீட்டி, “மாமா, தப்பா அடிச்சிட்டாங்களா?” என்று கேட்டான்.

தப்பில்லை, அதுதான் கேட்ச்வெயிட். எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் பந்து ஆட ஆள் உண்டு, சிலம்பம் சுற்ற ஆள் உண்டு, சண்டை ஒப்பந்தம் படிக்கத்தான் ஆள் இல்லை. தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்த்தவன் என்பதால் காகிதம் எது வந்தாலும் வீட்டில் என் தலையில்தான் கட்டுவார்கள். இதையும் கட்டினார்கள்.

பொதுவாக 17 பிரிவுகள். அடியில் 105 பவுண்டு, உச்சியில் 200-க்கு மேல் எல்லாரும் ஹெவிவெயிட். கீழே மூன்று, நான்கு பவுண்டுக்கு ஒரு பிரிவு என்று நெருக்கமாகப் போகும். மேலே போகப்போக இடைவெளி அகலும். 147-க்கு அடுத்தது 154, 175-க்கு அடுத்தது 200. இந்த எண்கள் உச்ச வரம்புதான். 140 பிரிவில் 137 எடையோடு வந்து நின்றாலும் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்ச்வெயிட் என்பது இரண்டு தரப்பும் பேசித் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளும் வரம்பு.

பேசி என்கிறேன். ஆனால் பேச்சு சமமாக நடப்பதில்லை. டிக்கெட் யார் பெயரில் விற்கிறதோ, அவர் கை ஓங்கியிருக்கும். 2018-ல் நம் கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலுக்கு வந்து மத்தீசேயை வீழ்த்தினாரே பிலிப்பீன்ஸ்காரர் பாக்கியாவ், அவரையே பாருங்கள். 2009-ல் கோட்டோவுடன் மோதியது 147 பவுண்டு பட்டத்துக்கு, ஒப்பந்தமோ 145-க்கு. அடுத்த வருடம் மார்கரிட்டோவுடன் 154 பட்டத்துக்கு 150. இரண்டு முறையும் சுருங்க வேண்டியிருந்தது பெரிய உடம்புக்காரர்தான்.

எங்கள் கதையில் பெரிய உடம்பு எங்கள் பையன். சும்மா இருக்கும்போது 67 கிலோ, சண்டைக்கு 63.5-க்கு இறங்கிப் பழக்கம். எதிராளி 61.2-ல் ஆடிக்கொண்டிருந்தவர், கோலாலம்பூரில் கொஞ்சம் பெயர் உள்ளவர். 138 என்றால் 62.6 கிலோ. ஒரு கிலோதானே என்று அக்கா சொன்னார். கடைசியில் கரைக்க வேண்டிய அந்த ஒரு கிலோதான் எமன்.

எடையைவிட அடுத்த பக்கத்தில் இருந்த வரி என்னை அதிகம் யோசிக்க வைத்தது. சண்டை நாள் காலையில் மறுபடி எடை பார்ப்பார்களாம், 145-ஐத் தாண்டக் கூடாதாம். வழக்கமாக முதல் நாளே எடை பார்த்துவிடுவார்கள். அப்புறம் தண்ணீரும் சோறும் உள்ளே போக, ஒரே ராத்திரியில் பல பவுண்டு ஏறும். செம்பனை எண்ணெய் ஆலையில் லாரியை முதலில் குலையோடு நிறுப்பார்கள், பிறகு வெறுமையாக. இங்கே அது தலைகீழ், வெறுமையாக நிறுத்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். 2000-ல் ஆர்துரோ கட்டி, ஜோயி கமாஷ் என்ற இரண்டு வீரர்கள் மோதிய சண்டையும் 141-க்கு ஒரு கேட்ச்வெயிட்தான். மறுநாள் மேடையேறும்போது கட்டி சுமார் 160 இருந்தார். கமாஷ் இரண்டாவது சுற்றில் விழுந்தார், மூளையில் காயம், அதோடு அவர் ஆட்டம் முடிந்தது. அதனால் இந்த மாதிரி வரி இருப்பதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உலகப் பட்டம் தரும் அமைப்புகளில் ஒன்றான ஐ.பி.எஃப். நடத்தும் பட்டச் சண்டையிலேயே மறுநாள் காலை 10 பவுண்டு வரை விடுகிறார்கள். அதைக் காட்டித்தான் 148 கேட்டேன். ரெண்டு நாள் இழுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றும் எழுதி வாங்கினேன்: கிலோவிலா பவுண்டிலா என்று. 138 பவுண்டு என்பது 62.596 கிலோ. தராசு 62.6 காட்டினால் கணக்குப்படி கூடுதல்! கிராணி புத்தி என்று பையனுக்குப் பயிற்சி தரும் மாஸ்டர் சிரித்தார். 62.6 வரை செல்லும் என்று கையெழுத்து வந்த பிறகுதான் விட்டேன். எடை தவறினால் சம்பளத்தில் வெட்டு இருக்கிறதே. மேவெதர் 2009-ல் மார்க்கெஸுடன் 144-க்கு ஒத்துக்கொண்டு 146-ல் வந்ததற்கு 6 லட்சம் டாலர் கட்டினார். அவருக்கு அது சில்லறை. எங்களுக்கு வெட்டு விழுந்தால் பஸ் காசுகூட மிஞ்சாது.

வீட்டுத் தராசை நம்பவில்லை. பிரிக்காத 10 கிலோ அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்ததில், மேலே போகப்போக அரை கிலோ குறைத்துக் காட்டியது. பழைய இரும்புக் கடைத் தராசு சரியாக நின்றது. அன்றிலிருந்து தினமும் காலையில் செம்பனைக் காட்டு மண் ரோட்டில் ஓடிவிட்டு அங்கே போய் ஏறுவான். முதலில் ரொட்டி சானாய் நின்றது, பிறகு மைலோ, அப்புறம் சோறு பாதியானது. கடைசி வாரம் உப்பு. கடைசி நாள் தண்ணீர் வாயை நனைக்க மட்டும். அந்த ராத்திரி அவன் உதடு வெடித்து, கன்னம் ஒட்டி, யார் பேசினாலும் எரிந்து விழுந்தான். அக்கா அடுப்பையே பற்றவைக்கவில்லை, வாசனை போகும் என்று. சுடுநீர்க் குளியல் போட்டு இறக்கலாம் என்று ஒருவர் சொன்னார். மாஸ்டர் கூடவே கூடாது என்றுவிட்டார். தலைக்குள் நீர் குறைந்தவன் மேல் விழும் குத்து வேறு மாதிரி இறங்கும் என்பது அவர் அனுபவம்.

தராசில் எங்கள் பையன் 62.4. எதிராளி 62.8! குறைந்த எடை கேட்டவரே கூடுதல். துண்டைப் பிடித்து உள்ளாடையையும் கழற்றிப் பார்த்தார்கள், 62.7. இரண்டு மணி நேரம் அவகாசம், கயிறு தாண்டி வந்து 62.5. அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை பையன் 66.3. எங்கள் 148-க்கு 67.1 வரை இடம் இருந்தது. பழைய 145-ஆக இருந்திருந்தால் 65.8-லேயே மாட்டியிருப்பான். ஆறு சுற்றும் ஆடினான், புள்ளியில் தோற்றான். எடையால் இல்லை, அந்த ஆளின் இடது கை அப்படி.

போன வாரம் வேறு ஒருவர் கூப்பிட்டு 136-க்கு வருவானா என்று கேட்டார். 140 என்றால் பேசலாம் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.