ஊசியில்லாத சிரிஞ்சும் ஓர் ஏணிப் படமும்

மாலை டியூஷனுக்கு வரும் பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி போன வாரம் தன் கைடைத் திறந்து காட்டினாள். ஏணிப் படம். கீழ்ப்படியில் கருதுகோள் (சோதித்துப் பார்க்க வேண்டிய ஊகம்), நடுவில் கொள்கை (தியரி), உச்சியில் விதி (லா).

"அப்போ மிஸ், தியரி நல்லா நிரூபணமாச்சுன்னா லா ஆயிடுமா?"

எனக்கு வருத்தமாக இருந்தது. பல வருடமாக இந்த ஏணியைத்தான் பிள்ளைகள் மனதிலிருந்து இறக்கிக்கொண்டிருக்கிறேன்.

என் மேசையில் ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்ச் ஒன்று எப்போதும் கிடக்கும். முனையை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்தச் சொன்னேன். 5-க்கு வந்தது. "இன்னும் அழுத்து" என்றேன். கட்டைவிரல் நுனி வெளுத்ததுதான் மிச்சம். கையை எடுத்ததும் தண்டு படக்கென்று பின்னால் வந்தது.

இதைத்தான் ராபர்ட் பாயில் பாதரசம் ஊற்றி அளந்தார். ஆங்கில 'ஜே' எழுத்துபோல வளைந்த கண்ணாடிக் குழாய். மூடிய குட்டைப் பக்கத்தில் 12 அங்குல நீளத்துக்குக் காற்று. அது பாதியாகச் சுருங்கி 6 அங்குலமானபோது, அழுத்தம், பாதரச உயரத்தில் சொன்னால், 29 அங்குலத்திலிருந்து 58 சொச்சத்துக்கு ஏறியிருந்தது. 1662-ல் இந்த அளவுகளை அட்டவணையாக வெளியிட்டார். அந்த அட்டவணையின் கடைசி நெடுவரிசை எனக்கு ரொம்பப் பிடிக்கும்: கருதுகோளின்படி அழுத்தம் எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்ற கணக்கு அது. காற்றின் இடம் பாதியானால் அழுத்தம் இரட்டிப்பாகும் என்று நாம் பாயில் விதியாக மனப்பாடம் செய்வதை அவர் கருதுகோள் என்றுதான் எழுதினார். அதை முன்வைத்த ரிச்சர்ட் டவுன்லியின் பெயரையும் மறைக்காமல் சொன்னார்.

ஆக, கருதுகோள் விதியாவது உண்டு. நடுவில் கொள்கை என்ற படி எங்கே?

காற்று ஏன் இப்படி எதிர்த்துத் தள்ளுகிறது என்பதற்கு விடை பிறகுதான் வந்தது. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஓயாமல் ஓடிச் சுவரில் மோதுகின்றன, இடம் பாதியானால் மோதல் இரட்டிப்பாகும் என்று டேனியல் பெர்னூலி 1738-ல் விளக்கினார். நூறு வருடத்துக்கும் மேலாக அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1860-ல் மேக்ஸ்வெல் கை வைத்த பிறகே அது வலுப்பெற்றது. நம் புத்தகத்தில் வரும் வாயுக்களின் இயக்கவியற் கொள்கை இதுதான். அது வரும்வரை விதி தன்பாட்டுக்குச் சரியாகவே வேலை செய்துகொண்டிருந்தது.

துகளுக்கும் பருமன் உண்டு, ஒன்றையொன்று ஈர்க்கவும் செய்யும் என்று 1873-ல் வான் டெர் வால்ஸ் சேர்த்தார். அழுத்தம் மிக அதிகமானால் பாயில் விதி ஏன் பிசகுகிறது என்பது அதில் விளங்கியது. விதி எங்கே செல்லாது என்று எடுத்துச் சொல்வதே கொள்கைதான். அது எப்படி விதிக்குக் கீழ்ப்படியில் நிற்கும்?

நம் சொற்களும் குழப்புகின்றன. விதி என்றால் தலையெழுத்து, இல்லாவிட்டால் சாலை விதி. தியரி என்றால் பிராக்டிகல் அல்லாத பரீட்சை. 'வெறும் தியரி' என்று வாயில் சுலபமாக வந்துவிடுகிறது.

அவள் சிரிஞ்சை வீட்டுக்குக் கேட்டாள். தண்ணீரிலும் துகள்தானே இருக்கிறது, அதுவும் சுருங்குமா என்று பார்க்க வேண்டுமாம்.

"என்ன ஆகும்னு நினைக்கிறியோ, அதை முதல்ல எழுதிட்டு அழுத்து" என்றேன்.

ஏணிப் படத்துக்குப் பக்கத்து ஓரத்திலேயே பென்சிலால் எழுதினாள்: பாதி வரைக்கும் போகாது, கொஞ்சம் சுருங்கும்.