பதினான்கு சென்டிமீட்டர் சூரியன்

ஆறாம் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள். பாடம் முடிந்தாலும் அவளுடைய கேள்வி முடியாது. "சார், படத்தில் எல்லாக் கோளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றனவே, மோதிக்கொள்ளாதா?" என்றாள்.

அந்தப் படங்கள் மீது எனக்கும் நெடுநாள் கோபம் உண்டு. மைதானத்துக்கு அழைத்துப் போனேன். 14 சென்டிமீட்டர் விட்டமுள்ள பெரிய தேங்காய்தான் சூரியன். பூமி ஒரு கடுகு. "எங்கே வைப்பாய்?" என்றதும் ஒரு சாண் தள்ளி வைத்தாள். 15 மீட்டர் நடக்கச் சொன்னேன். வியாழன் 78 மீட்டரில், வேலியைத் தாண்டி. நெப்டியூன் 450 மீட்டரில், பஸ் நிறுத்தத்துக்கும் அப்பால். நடுவிலெல்லாம் வெறும் வெளி.

"அடுத்த நட்சத்திரம்?"

பிராக்சிமா சென்டாரி இதே அளவில் சுமார் 4,000 கிலோமீட்டர் தொலைவில் என்றேன். நம்பாமல் பார்த்தாள். 1977இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் மணிக்கு ஏறத்தாழ 61,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நம் மைதானக் கணக்கில் அது மணிக்கு 6 மில்லிமீட்டர். அதையும் சொன்னேன்.

கடுகைத் தேடிக் குனிந்திருந்தவள் நிமிர்ந்து, "அப்படியென்றால் நிலா எங்கே சார்?" என்றாள். கடுகிலிருந்து நான்கு சென்டிமீட்டர் தள்ளி ஒரு மணல் துகளை வைத்தேன். மனிதன் போய் வந்த அதிகபட்சத் தூரமே அவ்வளவுதான்.

நாளைக்குச் சனியின் வளையமாம். இப்போதே சொல்லி வைத்துவிட்டாள்.