முளைச்ச நெல்லும் சிங்கிள் மால்ட்டும்

பொங்கலுக்கு சிங்கப்பூரில் இருந்து வந்த மச்சான், டியூட்டி ஃப்ரீ பையை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோகாமல் நேராக எங்கள் வயல் மோட்டார் கொட்டகைக்கு எடுத்து வந்துவிட்டான். உள்ளே ஒரு ஸ்காட்ச் சிங்கிள் மால்ட் விஸ்கி. அட்டையில் வயது போடவில்லை. "குறைஞ்சது 3 வருஷமாவது பீப்பாயில் இருந்திருக்கும், ஸ்காட்ச்சுக்குச் சட்டம் அப்படி" என்றான். கடைசிச் சில மாதம் சிவப்பு ஒயின் இருந்த பீப்பாயில் ஊறியதாம்.

சிங்கிள் மால்ட் என்றால் என்ன என்று சித்தப்பா கேட்டது தப்பாகப் போயிற்று. ஒரே ஆலையில் காய்ச்சியது, பார்லியை ஊறப்போட்டு, முளைக்கவிட்டு, சூளையில் காயவைத்து, அப்புறம்தான் மற்றதெல்லாம் என்று மச்சான் பாடம் எடுத்தான். 'முளைக்கவிட்டு' என்றதும் சித்தப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். நீடாமங்கலம் பக்கம் அறுப்புச் சமயத்தில் மழை பிடித்து, சாய்ந்த சம்பா வயலிலேயே முளைத்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் புரியும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினாலே ஆயிரம் நொட்டை சொல்வார்கள், முளைத்ததைக் கொண்டுபோனால் மூட்டையை இறக்கவே விடமாட்டார்கள்.

"வேணும்னே முளைக்கவைக்கிறானா? அதையும் காசு கொடுத்து வாங்குறானா?"

"முளைச்சாத்தான் மாமா, உள்ளே இருக்கிற மாவு சர்க்கரையாகும். சர்க்கரை இருந்தாத்தான் நொதிக்கும்."

"இதை ஏன்டா எனக்கு யாரும் சொல்லலை!"

அதற்குப் பிறகு பீப்பாய்ப் புராணம். அமெரிக்காவில் போர்பன் விஸ்கிக்குப் புது ஓக் மரப் பீப்பாய்தான் என்று சட்டம், அதனால் ஒருதரம் பயன்படுத்தியதை ஸ்காட்லாந்துக்காரன் வாங்கிக்கொள்கிறான். அங்கே வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகப் போவதைத் தேவதைகளின் பங்கு என்பார்களாம், பெங்களூர்ச் சூட்டில் அதுவே 10 சதவீதத்தைத் தாண்டும் என்றான். சித்தப்பா உடனே பாட்டிலைத் திறந்து மூடி நிறைய ஊற்றி வரப்போரம் சாய்த்தார். "அது அவங்க ஊரு கணக்கு. இது நம்ம முனீஸ்வரனுக்கு." மச்சானின் வாய் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை.

சரி, குடித்தோம். குடிப்பதற்கு முன்னால் மோந்து பார்க்க வேண்டுமாம். நம் ஊர்க் கடைச் சரக்கில் ஆல்கஹால் 42.8 சதவீதம், பெரும்பாலும் மொலாசஸில், அதாவது சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் வடித்த ஸ்பிரிட் கலந்தது, மோந்து பார்த்தால் குடிக்கத் தோன்றாது, ஆகவே நமக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இது 46. மூக்கை நேராக உள்ளே விட்டதில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். சித்தப்பாவோ, நெல்லைப் பல்லில் கடித்தே ஈரம் சொல்கிற ஆள், டம்ளரைத் தள்ளிப் பிடித்து, இப்படியும் அப்படியும் ஆட்டி, கண்ணை மூடிக்கொண்டார். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுத் திரும்பவும் மோந்தார். கொட்டகை பல்பு வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார், லேசாகச் செம்மை ஓடியது.

"முன்னாடி திராட்சை, நடுவுல காரம், கடைசியில கொட்டைப்பாக்கு மென்ன மாதிரி துவர்ப்பு. ஆனா அடியில பச்சைத் தானிய வாசம் போகலை மாப்ள. இன்னும் ரெண்டு மூணு வருஷம் கிடக்க வேண்டியது, அவசரப்பட்டு ஒயினைத் தடவி அனுப்பிட்டாங்க."

மச்சான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தான். அதில் சாக்லேட், செர்ரி என்றெல்லாம் போட்டிருந்தது, எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை, நெத்திலி வறுவல் காரணமாக இருக்கலாம்.

"என்ன விலை?" என்றார் சித்தப்பா.

சொன்னான். அவர் மனக்கணக்குப் போட்டார். "அஞ்சு மூட்டை நெல்லா!" கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் டம்ளரை நீட்டினார். "அப்படின்னா நல்லாத்தான் இருக்கும். ஊத்து."